கசப்பை மறைக்காதீர்கள்

பார் கவுண்டருக்குப் பின்னால் நின்று வேலை செய்யும் தமிழ்த் தம்பி தங்கைகளுக்கு,



சென்னை, கோவை, பெங்களூர் ஓட்டல்களில் இருப்பவர்கள், துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள், கப்பலில் ஒப்பந்தத்துக்கு ஏறியவர்கள், கேட்டரிங் படிப்பை முடித்துவிட்டு முதல் ஷிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன். உங்கள் பின் அலமாரியில் சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளுமாக நிற்கும் கசப்பு மதுக்களைப் பற்றித்தான் பேச வேண்டும். காம்பாரியை ஒரு கை எடுத்தால் இன்னொரு கை தானாகச் சர்க்கரைப் பாகுக்குப் போகிறது. நெக்ரோனி கேட்டவருக்குத் தர்பூசணி சிரப் கலந்து போகிறது. "நம்ம ஊர் கெஸ்டுக்கு இது கசக்கும், கொஞ்சம் ஸ்வீட்டா போடு" என்று சீனியர் சொன்னதை ஜூனியர் பிடித்துக்கொள்கிறார். அவர் சீனியராகும்போது அதையே அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இந்தப் பழக்கம் நிற்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்குக் கசப்பு ஆகாது என்பதை நான் ஒப்பவே மாட்டேன். சுண்டைக்காய் வத்தலைப் பொரித்துக் குழம்பில் போடுகிறவர்கள் நாம். சித்திரை முதல் நாளில் வேப்பம்பூவையும் வெல்லத்தையும் மாங்காயையும் ஒரே பச்சடியில் சேர்த்து நாக்கில் வைக்கிறவர்கள். அந்தப் பச்சடியில் வெல்லம் வேப்பம்பூவை மறைப்பதில்லை. கசப்பு கசப்பாகவே இருக்க, மற்ற இரண்டும் அதற்குத் துணை நிற்கின்றன. நல்ல காக்டெய்லின் கணக்கும் அதுதான்.

இந்தப் பாட்டில்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் அவற்றின் மேல் ஒரு மரியாதை வரும். இத்தாலியின் நொவாரா நகரில் 1860இல் கஸ்பாரே காம்பாரி என்பவர் தம் பெயரையே தாங்கிய மதுவை உருவாக்கினார். பிறகு மிலானுக்குப் போய், புதிதாகக் கட்டி 1867இல் திறக்கப்பட்ட விட்டோரியோ இமானுவேலே கலேரியாவில், பேராலயத்தை ஒட்டி, காபிக்கடை வைத்தார். அதே ஆண்டில் பிறந்த அவர் மகன் டேவிடே தொழிலைப் பெரிதாக்கினார். 1904இல் மிலானை அடுத்த செஸ்தோ சான் ஜொவான்னியில் முதல் தொழிற்சாலை வந்தது. 1915இல் கலேரியாவிலேயே காம்பாரினோ என்ற பாரை டேவிடே திறந்தார். நிலவறையிலிருந்து குழாய் வழியாக எந்நேரமும் குளிர்ந்த சோடா மேலே வரும்படி அங்கே ஏற்பாடு செய்திருந்தார். காம்பாரியை எப்படிக் குடிக்க வேண்டும் என்று அதை ஆக்கிய குடும்பம் நினைத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். காம்பாரி, ஜில்லென்ற சோடா, அவ்வளவுதான். சர்க்கரைப் பாகுக்கு அங்கே இடமில்லை. 1932இல் அந்தக் கலவையைத் தனிச் சிறு பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். கூம்பு வடிவிலான அந்தப் பாட்டிலை வரைந்தவர் ஃபோர்துனாத்தோ டெப்பேரோ என்ற ஓவியர். இன்றும் அதே வடிவம்தான் விற்பனையில் இருக்கிறது.

காம்பாரிக்குள் என்னென்ன மூலிகை, எத்தனை மூலிகை என்று அந்த நிறுவனம் சொல்வதில்லை. சிவப்பு நிறம் முன்பு கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து வந்தது. 2006இலிருந்து பல நாடுகளில் அதற்குப் பதில் வேறு நிறமி சேர்க்கிறார்கள். சைவ கெஸ்ட் யாராவது கேட்டால் "தெரியாது" என்று நிற்காதீர்கள், லேபிளைப் படித்துச் சொல்லுங்கள். மது அளவும் நாட்டுக்கு நாடு மாறும். பெரும்பாலான இடங்களில் 24, 25 சதவீதத்தை ஒட்டியிருக்கும்.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் வியப்பான பொருள் ஒரு வேர். ஐரோப்பிய மலைகளில் வளரும் மஞ்சள் ஜென்ஷியன் செடியின் வேர். பிரான்சின் சூஸ் என்ற மஞ்சள் மதுவுக்கு அதுதான் உயிர். அப்பெரோல் என்ற இத்தாலிய மதுவிலும் உண்டு. அந்தச் செடி முதல் பூவைப் பூக்கவே ஏறத்தாழ பத்து ஆண்டுகள் எடுக்கும். பிரான்சின் நடுமலைப் பகுதியில் நீண்ட இரும்புக் கவையால் நெம்பி, ஆழத்தில் ஓடியிருக்கும் தடித்த வேரைத் தோண்டி எடுக்கிறார்கள். அதே மேய்ச்சல் நிலத்தில் இன்னொரு செடியும் வளரும். வெள்ளை வெராட்ரம் என்று பெயர். பூ இல்லாத பருவத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் அது கொடிய நஞ்சு. ஜென்ஷியனில் இலைகள் எதிரெதிராக இணையாக வரும், வெராட்ரத்தில் மாறி மாறி வரும். வேர் தோண்டுகிறவர் முதலில் கற்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். வேரிலுள்ள அமரோஜென்டின் என்ற பொருள் உலகில் அறியப்பட்ட மிகக் கசப்பான இயற்கைப் பொருள்களில் ஒன்று. ஒரு பங்கை 5 கோடியே 80 லட்சம் பங்கு நீரில் கரைத்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும் என்பது நூல்களில் சொல்லப்படும் அளவு.

நாக்கு ஏன் இவ்வளவு கூர்மையாகக் கசப்பைப் பிடிக்கிறது? செடிகளில் உள்ள நஞ்சுகளில் பலவும் கசப்பானவை. அவற்றைத் துப்பிவிடத் தெரிந்தவர்களின் பிள்ளைகள்தான் நாம். இனிப்பை உணர நம் நாக்கில் ஒரு வகை ஏற்பிதான் இருக்கிறது. கசப்புக்கோ சுமார் 25 வகைகள் உள்ளன. பிறந்த குழந்தைகூடக் கசப்புப் பட்டால் முகத்தைச் சுளிக்கும். ஆகவே கசப்பை விரும்புவது பழக்கத்தால் வருவது. காபி அப்படி வந்தது, பாகற்காய் அப்படி வந்தது. கெஸ்ட் முதல் வாயில் முகம் சுளித்தால் பதறிப்போய்க் கோப்பையைப் பிடுங்காதீர்கள். மூன்றாவது வாய்க்குள் அவர் நாக்கு சமாதானமாகிவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். கசப்பு பட்டதும் வாயில் எச்சில் ஊறும். சாப்பாட்டுக்கு முன் இதைக் குடிக்கும் வழக்கம் இத்தாலியிலும் பிரான்சிலும் வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் இதை மருந்து என்று சொல்லி யாருக்கும் விற்காதீர்கள். இது மதுதான்.

இனி அளவுக்கு வருவோம். நம்மில் பலர் கவனிக்காத ஒன்று, இந்த மதுக்கள் எல்லாமே ஏற்கெனவே இனிப்பானவை. ஐரோப்பியச் சட்டப்படி லிக்யூர் வகையில் பெரும்பாலானவற்றில் லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும். காம்பாரியில் அதைவிட நிறையவே அதிகம். 30 மி.லி. காம்பாரியில் ஒரு டீஸ்பூனுக்கும் மேல் சர்க்கரை கரைந்திருக்கிறது, கசப்பு முன்னால் நிற்பதால் நமக்குத் தெரிவதில்லை. நெக்ரோனியில் சேரும் ஸ்வீட் வெர்மூத்திலும் லிட்டருக்கு 130 கிராமுக்குக் குறையாத சர்க்கரை உண்டு. அதன் மேல் நீங்கள் சிரப் ஊற்றினால் கசப்பு போகாது. கசப்பும் தித்திப்பும் சேர்ந்து வாயில் பசைபோல ஒட்டும், கெஸ்ட் பாதியிலேயே வைத்துவிடுவார். அவருக்குக் கசப்புப் பிடிக்கவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் அவருக்குத் திகட்டியிருக்கிறது.

கசப்பு மிகுந்ததாகத் தோன்றினால் செய்ய வேண்டியவை வேறு. சோடாவோ ஐஸ் உருகிய நீரோ சேர்த்து நீர்க்கச் செய்யலாம். எலுமிச்சையின் புளிப்பைக் கொண்டு இனிப்பை வெட்டலாம். அல்லது இரண்டு மூன்று சொட்டு உப்புநீர் விடலாம். உப்பு கசப்பை அடக்கும், இனிப்பை மேலே கொண்டுவரும் என்பதை 1997இல் பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த பிரெஸ்லினும் போஷாம்பும் 'நேச்சர்' இதழில் எழுதிக் காட்டினார்கள். 20 கிராம் உப்பை 80 மி.லி. நீரில் கரைத்துச் சொட்டுப் புட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். குடிப்பவருக்கு உப்புக் கரிக்கக் கூடாது, அப்படிக் கரித்தால் அளவு மீறிவிட்டது.

கற்றுக்கொள்ள வேண்டிய முதல் காக்டெய்ல் நெக்ரோனி இல்லை, அமெரிக்கானோ. காம்பாரி 30, ஸ்வீட் வெர்மூத் 30, மேலே சோடா, ஒரு ஆரஞ்சுத் துண்டு. இயன் ஃபிளெமிங்கின் முதல் நாவலான 'கசினோ ராயல்'இல் ஜேம்ஸ் பாண்ட் முதலில் கேட்பதும் இதைத்தான், மார்ட்டினியை இல்லை. 1919ஐ ஒட்டி ஃபுளோரன்ஸ் நகரில் கமில்லோ நெக்ரோனி என்ற பிரபு, காசோனி என்ற கடையில் சோடாவுக்குப் பதில் ஜின் ஊற்றச் சொன்னார், ஃபோஸ்கோ ஸ்கார்செல்லி என்ற பார்டெண்டர் ஊற்றிக் கொடுத்தார், நெக்ரோனி பிறந்தது என்று சொல்வார்கள். இந்தக் கதையைப் பற்றி வாதங்கள் உண்டு. ஆனால் சோடாவின் இடத்தில் ஜின் வந்ததால் நடந்த மாற்றத்தில் எந்த வாதமும் இல்லை, கணக்குப் போட்டே பார்க்கலாம். நம் நாட்டு ஜின் 42.8 சதவீதம். 30 மி.லி. ஜினில் கிட்டத்தட்ட 13 மி.லி. சுத்த ஆல்கஹால். காம்பாரியிலிருந்து ஏழரை, வெர்மூத்திலிருந்து ஐந்துக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் 25. ஒரு லார்ஜ் விஸ்கியில் இருப்பதும் ஏறக்குறைய அதுவே. அமெரிக்கானோவில் அதில் பாதிதான். நெக்ரோனியை ஜூஸ்போலக் குடிப்பவருக்கு இதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். மாலை ஆறு மணிக்கு வந்து பத்து மணிவரை இருக்கப்போகிற கெஸ்டுக்கு முதலில் அமெரிக்கானோவைச் சொல்லுங்கள்.

நெக்ரோனிக்கு மூன்றும் சம பங்கு, முப்பது முப்பது முப்பது. ஷேக்கரை எடுக்க வேண்டாம். சாறு சேர்ந்தால்தான் ஷேக், இல்லையென்றால் ஸ்டிர் என்ற பழைய விதி இங்கே அப்படியே பொருந்தும். ஐஸ் பெரிய கட்டியாக, கெட்டியாக இருக்கட்டும். பொடி ஐஸில் இரண்டு நிமிடத்தில் நீர்த்துப்போகும். ஆரஞ்சுத் தோலைச் சீவி, கோப்பைக்கு மேலே பிடித்து அழுத்தி, அதிலிருந்து தெறிக்கும் எண்ணெய் மேற்பரப்பில் படியும்படி செய்யுங்கள். அலங்காரத்துக்குச் செருகிவைப்பதைவிட இது முக்கியம். கமலா ஆரஞ்சின் தோல் மெலிந்து தளர்ந்திருக்கும், வாசமும் வேறு. சதையோடு ஒட்டிய தடித்த தோல் கொண்ட ஆரஞ்சை வாங்கச் சொல்லுங்கள். மேலே மெழுகு பூசியிருப்பார்கள், வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்து, நெக்ரோனி இன்னும் நன்றாக இல்லையென்றால் தவறு பெரும்பாலும் காம்பாரியில் இருக்காது, வெர்மூத்தில் இருக்கும். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது. வெர்மூத் என்பது மூலிகை சேர்த்து, கொஞ்சம் ஸ்பிரிட் கூட்டிய ஒயின். திறந்த ஒயினை யாராவது சென்னை வெயிலில் மாதக்கணக்கில் அலமாரியில் வைப்பார்களா? வெர்மூத்தை மட்டும் வைக்கிறோம். ரம்முக்கும் விஸ்கிக்கும் நடுவே, விளக்குச் சூட்டில், போன வருடம் திறந்த பாட்டில் பாதி காலியாக நிற்கும் பார்களை நான் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து ஊற்றும் வெர்மூத்தில் பழ வாசம் போய், மக்கிய அட்டைப்பெட்டி வாசமும் புளிப்பும்தான் மிஞ்சியிருக்கும். அந்தக் கோப்பையைக் குடித்த கெஸ்ட் காம்பாரியைத்தான் குறை சொல்வார். திறந்த அன்றே தேதியை எழுதி ஒட்டுங்கள், ஃபிரிட்ஜில் வையுங்கள், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். உங்கள் கடையில் வெர்மூத் மெதுவாகப் போகிறதென்றால் சிறிய பாட்டில் வாங்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஜின்னின் இடத்தில் விஸ்கி வந்தால் புலவார்டியே. 1920களில் பாரிஸில் அதே பெயரில் பத்திரிகை நடத்திய எர்ஸ்கின் குவின் என்ற அமெரிக்கருக்கு உரியதாக, ஹாரி மெக்கெல்ஹோன் 1927இல் வந்த தம் நூலில் குறித்தார். அன்று சம பங்கு. இன்று விஸ்கியை 45 ஆக்கி, மற்ற இரண்டையும் முப்பதில் நிறுத்துவது வழக்கம், எனக்கும் அதுவே பிடிக்கும். ஜின்னை எடுத்துவிட்டு நுரை ஒயின் ஊற்றினால் ஸ்பாலியாத்தோ. மிலானின் பாசோ பாரில் மிர்கோ ஸ்தோக்கெத்தோவின் கையில் பிறந்தது. நெக்ரோனியின் கனம் வேண்டாம், கசப்பு வேண்டும் என்கிறவர்களுக்கு ஏற்றது.

கோலாலம்பூரில் இருக்கிறவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டியது ஜங்கிள் பேர்ட். 1970களில் அங்கிருந்த ஹில்டன் ஓட்டலின் ஏவியரி பாரில் ஜெஃப்ரி ஓங் என்பவர் உருவாக்கியது. கறுத்த ரம், காம்பாரி, அன்னாசிச் சாறு, எலுமிச்சை, சர்க்கரைப் பாகு. இத்தாலியின் கசப்பை வெப்ப நாட்டுப் பழத்தோடு சேர்த்து வைத்த துணிவான கலவை இது. சிரப் ஊற்றிக் காம்பாரியை மறைக்கிறோம் என்று மேலே குறை சொன்னேனே, இது மட்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்பீர்கள். இதில் கசப்பு மறையவில்லை. அன்னாசியின் தித்திப்பு தடித்துப்போகாமல் காம்பாரி இழுத்துப் பிடிக்கிறது, எலுமிச்சை இரண்டையும் கூராக்குகிறது. காம்பாரி இல்லாமல் இதைச் செய்து பாருங்கள், சாதாரண ரம் ஜூஸாகிவிடும். ரம் 45, காம்பாரி 22, அன்னாசி 45, எலுமிச்சை 15 என்று தொடங்குங்கள். பாகு 15 என்பார்கள். நம் பக்கத்துப் பழுத்த அன்னாசிக்கு 10 போதும். டின் சாறு வேண்டவே வேண்டாம், பழத்தை அடித்து வடிகட்டுங்கள். நன்றாகக் குலுக்கினால் அன்னாசியே நுரையைக் கொடுக்கும்.

அப்பெரோலைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததாகிவிட்டது. பதுவா நகரத்து பார்பியேரி சகோதரர்கள் 1919இல் கொண்டுவந்தது, 11 சதவீதம்தான். ஸ்பிரிட்ஸுக்கு ப்ரொசெக்கோ மூன்று, அப்பெரோல் இரண்டு, சோடா ஒன்று. கோப்பை நிறைய ஐஸ் போடுங்கள். அரைக் கோப்பை ஐஸ் சீக்கிரம் உருகி எல்லாவற்றையும் கெடுக்கும். வெனிஸ்காரர்கள் தங்கள் ஊரில் 1920இல் பிறந்த செலக்ட் என்ற சிவப்பு மதுவை ஊற்றி, பச்சை ஆலிவ் காய் ஒன்றைக் குத்தி வைப்பார்கள். அந்த உப்புக் காய் வெறும் அலங்காரம் என்று எண்ணாதீர்கள், மேலே சொன்ன உப்புநீர் செய்கிற வேலையை அதுவும் கொஞ்சம் செய்கிறது. சினார், ஆர்ட்டிசோக் செடியிலிருந்து 1952இல் வந்தது. 16.5 சதவீதம், பழுப்பு நிறம், மண் வாசம். சோடாவோடு நன்றாக இருக்கும், விஸ்கியோடு இன்னும் நன்றாக இருக்கும்.

கசப்பைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் கௌரவமான வழி ஒன்று உண்டு. சிரப்பைக் கூட்டாமல் பாட்டிலை மாற்றுவது. பேப்பர் பிளேன் என்ற காக்டெய்லை ஆக்கிய சாம் ராஸ் முதலில் அதில் காம்பாரியைத்தான் ஊற்றினார். பிறகு அப்பெரோலுக்கு மாறினார். போர்பன், அப்பெரோல், நோனினோ அமாரோ, எலுமிச்சைச் சாறு நான்கும் சம பங்கு. உலகம் முழுக்கப் பரவிவிட்டது. எதிர்ப்பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு சூஸ் இருக்கிறது. 1889இல் பிறந்த மது. பிக்காசோ 1912இல் அதன் லேபிளை ஒட்டியே ஒரு ஓவியம் செய்தார். 2001இல் போர்தோ ஒயின் கண்காட்சிக்குப் போயிருந்த வெய்ன் காலின்ஸ் என்ற ஆங்கிலேய பார்டெண்டர், காம்பாரிக்குப் பதில் சூஸும் சிவப்பு வெர்மூத்துக்குப் பதில் லில்லே பிளாங்கும் ஊற்றி வெள்ளை நெக்ரோனியை உருவாக்கினார். சூஸை மற்ற இரண்டையும்விடக் குறைத்தே ஊற்றுங்கள், ஜென்ஷியன் சம பங்கு கேட்காது.

கெஸ்டிடம் பேசும் முறையும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். "கொஞ்சம் கசக்கும் சார்" என்று மன்னிப்புக் கேட்பதுபோல ஆரம்பிக்காதீர்கள். சாப்பாட்டுக்கு முன் குடிப்பது, கசப்பும் ஆரஞ்சு வாசமுமாக இருக்கும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். காபியைச் சர்க்கரை குறைத்துக் குடிப்பவரா என்று கேளுங்கள், அவர் பதிலே வழி காட்டும். புதியவருக்கு ஸ்பிரிட்ஸில் தொடங்கி அமெரிக்கானோ வழியாக நெக்ரோனிக்கு வாருங்கள். ஒரே இரவில் இல்லை, அடுத்தடுத்த வருகைகளில். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மேசையில் மது குடிக்காதவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருக்கு எப்போதும் இனிப்பு மாக்டெய்லையே நீட்டுகிறோம். இத்தாலியில் 1965லிருந்து குரோதினோ என்ற ஆல்கஹால் இல்லாத கசப்புப் பானம் இருக்கிறது. அது கிடைக்காத இடத்தில் நல்ல டானிக் வாட்டர், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல், ஒரு சொட்டு உப்புநீர் போதும். அவரும் பெரியவர்களுக்கான பானத்தைக் குடிக்கட்டும்.

எங்கள் மேலாளர் சிரப் ஊற்றச் சொல்கிறாரே என்பீர்கள். ஒரு நாள் ஷிஃப்டுக்கு முன் இரண்டு சிறு கோப்பைகளில், ஒன்றில் சிரப் சேர்த்தும் இன்னொன்றில் சேர்க்காமல் புதிய வெர்மூத்தோடும் நெக்ரோனி செய்து அவர் முன்னால் வையுங்கள். நாக்கு அறிந்த மனிதர் எவரும் இரண்டாவதைத்தான் எடுப்பார்.

இன்று வேலைக்குப் போனதும் வெர்மூத் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். கெட்டிருந்தால் கொட்டிவிட்டுப் புதியதைத் திறந்து தேதி எழுதி ஃபிரிட்ஜில் வையுங்கள். அடுத்து நெக்ரோனி கேட்டு வருகிறவருக்குச் சிரப் இல்லாமல், சம பங்கில், பெரிய ஐஸில் கொடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே கவுண்டருக்குப் பின்னால் நின்றவன்